டயல் கேஜ் என்னும் நுண்ணளவுக் கருவி

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் ஆழத்தையும், அதனைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளையும், கோணேசர் எழுந்தருளிய சுவாமிமலையையும் போற்றாது விடுவதில்லை. அத்துறைமுகத்தின் கரையிலே இரும்பைக் கடைந்தும் உருக்கை இழைத்தும் வாழ்வோரின் தொழிலைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். நம் கல்லூரியிற் கற்றோருள் எழுதுகோல் ஏந்தியோர் போலவே அரமும் சுத்தியலும் ஏந்தியோரும் உளர். அவர்தம் கைக்கருவிகளுள் ஒன்றைப் பற்றிச் சில சொல்லுதல் இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவுதலும் கூடும். 2013 ஆம் ஆண்டிலே க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர், கருவிகளின் பெயருக்குத் தமிழ் கேட்டு மாணவர் எம்மிடம் வருகின்றனர். பொருளை அறியாது பெயரை மாத்திரம் கூறி அனுப்புதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே பட்டறைக்குச் சென்று கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதலானேன்.

கப்பலின் சுழல்தண்டு கோணினால் நேரும் இடருக்கு நம் துறைமுகத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8 ஆம் நாள், பிரித்தானியக் கடற்படையின் ‘வலியன்ற்’ என்னும் போர்க்கப்பல் இங்கிருந்த மிதக்கும் உலர்துறையில் ஏற்றப்பட்டது. தொட்டிகளில் நீரை நிரப்பித் துறையைத் தாழ்த்தி, கப்பலை உட்கொணர்ந்தபின் அந்நீரை இறைத்து உயர்த்துதல் இவ்வகைத் துறையின் இயல்பு. கப்பலின் பாரம் எங்கெங்கு எவ்வளவாகப் பரந்துள்ளதோ அதற்கு இயைய நீரை இறைத்தல் வேண்டும். அன்று இறைத்த வரிசை பிழைத்தது. கப்பலிலோ வெடிபொருட் பாரம் நிறைந்திருந்தது. துறையின் இரு முனைகளும் தாங்கொணா விசைக்கு ஆட்பட, அதன் முதுகு முறிந்து அது மூழ்கிற்று. கப்பல் தப்பியது, ஆயினும் அதன் நான்கு விசிறிகளுள் உட்புறத்து இரண்டும், சுக்கான்களுள் ஒன்றும் இறுகிவிட்டன. 30,000 தொன்னுக்கு மேற்பட்ட அப்பெருங்கப்பல் மணிக்கு 8 கடல் மைலுக்கு மேற் செல்ல இயலாமலும், நேர்வழி பிடிக்க மாட்டாமலும் சூயஸ் வரை தடுமாறிச் சென்றது. அங்கே சுழியோடிகள் உட்புறத் தண்டுகள் இரண்டையும் வெட்டிக் கடலடியில் வீழ்த்திய பின்னரே அது தாயகம் திரும்ப முடிந்தது. முறிந்த உலர்துறை இன்றும் நம் கடலின் அடியிற் கிடக்கின்றது.

அது பெருங்கேடு, கண்ணுக்குத் தெரிந்த கேடு. நாள்தோறும் நம்மவரை வருத்துவது கண்ணுக்குத் தெரியாத கேடு. 1957 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 1950களின் இறுதியில் மீன்பிடித் தொழிலுக்கு இயந்திரப் படகுகள் வந்தன. மூன்றரைத் தொன் படகு என நம் கடற்கரையார் கூறும் அப்படகிலே, இயந்திரத்திலிருந்து பின்புறத்து விசிறி வரை ஓர் உருக்குத் தண்டு செல்லும். அத்தண்டு ஒரு குழாயினூடாகக் கடலுக்குள் இறங்குகின்றது. பெயாரிங் எனப் பட்டறையிற் கூறப்படும் தாங்கிகள் அதனைப் பிடித்து நிற்கும். தண்டு நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழல்வது. அது ஒரு மயிரிழை வளைந்திருப்பினும், ஒவ்வொரு சுற்றிலும் தாங்கியை ஒரு முறை இடிக்கும். ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் இடி. தாங்கி தேயும், சூடேறும், நீர் உட்புகும். வாடைக்காற்று வீசும் மார்கழி மாதத்தில் கரைக்கு வெளியே இயந்திரம் நின்றால் அதன் பயன் யாதென்பதை மீனவக் குடும்பத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மயிரிழை வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டுவதே டயல் கேஜ். வடிவத்தில் அது ஒரு கைக்கடிகாரத்தைப் போன்றது. வட்ட முகப்பு, அதன்மேல் ஒரு நீண்ட முள், உள்ளே ஒரு சிறிய முள். கடிகாரத்தில் இல்லாத உறுப்பு கீழ்நோக்கி நீண்டிருக்கும் மெல்லிய தொடுதண்டு ஒன்றே. அதன் நுனியில் ஒரு சிறு குண்டு உண்டு. அந்நுனி பொருளின் மேல் தொட்டு நிற்கும். பொருள் உயர்ந்தால் தொடுதண்டு உள்ளே செல்லும். தாழ்ந்தால் வெளியே வரும். தொடுதண்டின் ஒரு பக்கத்திற் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. அப்பற்கள் ஒரு சிறு பற்சில்லைச் சுழற்ற, அது தன்னோடு பிணைந்த பெரிய சில்லைச் சுழற்ற, அது மற்றொரு சிறு சில்லைச் சுழற்றும். இறுதிச் சில்லின் அச்சிலே நீண்ட முள் இருக்கின்றது. தொடுதண்டு 1 மில்லிமீற்றர் நகர்ந்தால் நீண்ட முள் ஒரு முழுச் சுற்று வரும்; சிறிய முள் அச்சுற்றுக்களை எண்ணிக் காட்டும். முகப்பு 100 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருத்தலின் ஒரு பிரிவு 0.01 மில்லிமீற்றர் ஆகும். 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள முகப்பு வட்டத்தில் சுற்றளவு ஏறத்தாழ 126 மில்லிமீற்றர். ஆகவே நூற்றில் ஒரு மில்லிமீற்றர் அசைவு அங்கே 1.26 மில்லிமீற்றர் அசைவாகத் தோன்றும். நாம் எழுதும் கடதாசி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 10 பிரிவு. தலைமயிர் ஒன்று ஏறத்தாழ 7 பிரிவு. இதனினும் நுண்ணிய, ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றர் காட்டும் கருவிகளும் உள.

பற்சில்லுகள் ஒன்றோடொன்று பொருந்துமிடத்தில் எவ்வளவு திறமையாகச் செய்யினும் சிறிது இடைவெளி இருந்தே தீரும். அவ்விடைவெளியால் முள் தளர்ந்து ஆடாதபடி, கடிகாரத்தில் உள்ளது போன்ற மயிர்வில் ஒன்று பற்களை எப்போதும் ஒரே பக்கத்தில் அழுத்தி வைத்திருக்கின்றது. கடிகாரத்துக்கும் இதற்கும் உள்ள உறவு வெறுந்தோற்றமன்று. இக்கருவிக்கு 1883 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் கோரிய ஜோன் லோகன் என்பார் வோல்தம் நகரத்தவர். அந்நகரம் கைக்கடிகார ஆலைக்குப் பேர்பெற்றது. இங்கிலாந்திலே இக்கருவிகளைச் செய்து பெயர் பெற்ற மேர்சர் நிறுவனத்தார், கப்பல்கள் நடுக்கடலில் நெடுங்கோடு அறிதற்கு ஏந்திச் செல்லும் காலமானிகளைச் செய்தவரேயாவர். யப்பானிலே 1934 இல் மிற்றுற்றோயோ நிறுவனத்தைத் தொடங்கிய நுமத்தா யேகன் என்பார் பௌத்த சமயப் பரப்புதலுக்குப் பொருள் ஈட்டும் நோக்கத்தோடு மைக்கிரோமீற்றர் செய்யத் தொடங்கினார் என்பதும் அறியத்தக்கது. நுண்ணளவும் சமயப் பணியும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே இருந்தமை எனக்கு வியப்பாயிருந்தது.

பெயரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நம் நாட்டுப் பாடநூல்களில் மைக்கிரோமீற்றருக்கு நுண்மானித் திருகுக் கணிச்சி என்ற பெயர் வழங்குகின்றது. கணிச்சி என்பது பழந்தமிழில் மழுவைக் குறிக்கும் சொல். சிவபெருமான் கையிலுள்ளது அது. கலைச்சொல் ஆக்கியோர் கணித்தல் என்னும் வினையின் ஒலியொப்பு நோக்கி அதனை எடுத்தாண்டனர் போலும். அவ்வழியிற் சென்றால் டயல் கேஜை முகப்புக் கணிச்சி எனலாம். பட்டறையிலோ எவரும் அவ்வாறு கேட்பதில்லை. “அந்த டயலை எடு” என்றே கேட்கின்றனர். மாணவன் இரு சொல்லையும் அறிந்திருத்தல் நன்று. ஒன்று விடைத்தாளுக்கு, மற்றொன்று வேலைக்கு.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். டயல் கேஜ் ஒரு பொருளின் அளவைக் கூறுவதில்லை. இத்தண்டின் விட்டம் என்ன என்று கேட்டால் அது வாளாவிருக்கும். இவ்விடத்துக்கும் அவ்விடத்துக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டாலே விடை கூறும். அளவு வேண்டுமாயின், அளவு தெரிந்த ஒரு பொருளை முன்வைத்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்தி, பின் நம் பொருளை வைத்து வேறுபாட்டைப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் முன்வைப்பதற்கென்றே சுவீடன் தேசத்து யோகான்சன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அளவுக் கட்டைகளைத் திட்டமிட்டார். புதிதாகக் கற்போர் பலர் இதனை மறந்து, முள் எந்த எண்ணில் நிற்கின்றது என்று மாத்திரம் பார்க்கின்றனர். எதனோடு ஒப்பிட்டோம் என்பதை அறியாதவனுக்கு அந்த எண் வெற்றெண்ணே.

லேத் எனப்படும் கடைசற் பொறியிலே இதன் பயன் தெளிவாகும். நான்கு தாடை உள்ள சக்கிலே ஒரு தண்டைப் பூட்டுகின்றோம். ஒவ்வொரு தாடையும் தனித்தனி நகர்வதால் தண்டின் மையம் பொறியின் மையத்தோடு பொருந்தியிராது. கேஜைத் தண்டின் மேற் பொருத்தி, சக்கைக் கையாற் சுழற்றுகின்றோம். முதலாம் தாடை கேஜுக்கு நேரே வரும்போது முள் 12 இலும், எதிர்த்தாடை வரும்போது 40 இலும் நிற்கின்றது என்க. வேறுபாடு 28 பிரிவு, அதாவது 0.28 மில்லிமீற்றர். தண்டை 0.28 மில்லிமீற்றர் தள்ளுதல் வேண்டும் என்று எண்ணுவோர் மறுபக்கம் அதே அளவு பிழையைத் தேடிக்கொள்வர். மையம் விலகியிருப்பது அதிற் பாதியாகிய 0.14 மில்லிமீற்றரே, ஒரு பக்கம் உயர்ந்த அளவு மறுபக்கம் தாழ்ந்திருப்பதால் முள் இருமடங்கு காட்டிற்று. ஆகவே தாழ்ந்த பக்கத்துத் தாடையைத் தளர்த்தி, உயர்ந்த பக்கத்துத் தாடையை இறுக்கி, முள் 26 இல் வந்து நிற்குமாறு செய்தல் வேண்டும். பின்னர் மற்றை இரு தாடைகளையும் அவ்வாறே பார்த்து, மீண்டும் முதலிரண்டுக்கு வருதல் வேண்டும். தேர்ந்த கையாளர் சில நிமிடங்களில் இதனை முடித்து விடுகின்றனர். பார்க்க இனிய காட்சி அது.

படகுத் தண்டின் வளைவைப் பார்ப்பதும் இம்முறையே. தண்டின் இரு முனைகளையும் மையக் கூர்களிடையே தாங்கி, நடுவிலே கேஜை நிறுத்திச் சுழற்றுவர். இங்கே முள்ளின் நடையையும் கவனித்தல் வேண்டும். ஒரு சுற்றில் முள் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் தண்டு வளைந்துள்ளது. ஒரு சுற்றில் இரு முறை ஏறி இரு முறை இறங்கினால் தண்டு நேரானதே. அவ்விடத்தில் அது வட்டம் கெட்டு நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளது. முன்னதை நிமிர்த்தலாம், பின்னதை நிமிர்த்த முனைவது வீண் வேலை. எம்மிடம் கற்றுப் பட்டறைத் தொழிலிற் சிறந்து விளங்கும் ஒருவர் கூறிய செய்தி இது. ஒரு படகுக்கு ஒரே பருவத்தில் இரு முறை தாங்கி மாற்றப்பட்டது. தாங்கி விற்றவர் போலிப் பொருள் கொடுத்துவிட்டார் எனப் படகுக்காரர் சினந்து, அவரோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை தண்டையே கழற்றிக் கேஜ் வைத்துப் பார்த்தபோது முள் 64 பிரிவு ஆடிற்று, தண்டு 0.32 மில்லிமீற்றர் வளைந்திருந்தது. “பிழை பெயாரிங்கில் இல்லை, சேர், ஒருவரும் தண்டைப் பார்க்கவில்லை” என்றார். கண்ணால் நோக்கி அறிய முடியாத வளைவு அது. இரண்டு தாங்கியின் விலையும், பல நாள் உழைப்பும், ஒரு நட்பும் அதனாற் போயின.

தண்டு நேராயிருந்தாலும் போதாது. இயந்திரத்தின் தண்டும் விசிறியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். இரண்டும் சந்திக்குமிடத்தில் வட்டத் தட்டுகள் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பூட்டுவர். கேஜை ஒரு தட்டிற் பொருத்தி மற்றத் தட்டின் விளிம்பைத் தொடச்செய்து சுழற்றினால், ஒன்று மேலோ கீழோ விலகியிருப்பது தெரியும். அங்கும் முள் காட்டுவதிற் பாதியே விலகல். முகத்தைத் தொடச்செய்தால் ஒன்று மற்றொன்றுக்குச் சரிந்திருப்பது தெரியும். தட்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி வேறுபடலாகாது என்பது படகுத் தொழிலாளர் பொதுவாகக் கொள்ளும் விதி. 100 மில்லிமீற்றர் தட்டுக்கு 0.1 மில்லிமீற்றர், அதாவது கடதாசி ஒன்றின் தடிப்பு. இவ்வேலையின் இறுதிப் பார்வை படகு நீரில் மிதக்கும்போதே செய்யப்படல் வேண்டும் என்பதை வற்புறுத்திக் கூற விரும்புகின்றேன். கரையேற்றிய படகின் உடல் கட்டைகளின் மேல் ஒருவகையாக வளைந்தும், நீரில் வேறுவகையாக நிமிர்ந்தும் இருக்கும். மரப்படகாயின் மரம் நீரை உண்டு பருக்கும் வரை சில நாள் பொறுத்தலும் வேண்டும். கரையிலேயே பூட்டி முடித்துக் கூலி வாங்கிப் போவோர் இல்லாமலில்லை. அவசரப்படுத்தும் படகுக்காரருக்கும் அதிற் பங்குண்டு.

கருவி நுண்ணியதாதலின் அது நம் குற்றங்களையும் நுண்ணிதாகக் காட்டிவிடும். கேஜைத் தாங்கும் காந்த அடி அசைந்தால் முள் அசையும். அது பொருளின் வேறுபாடு என்று எண்ணிவிடுவோம். அளக்கு முன் தாங்கியை விரலால் மெல்ல அழுத்தி விடுக. முள் முன்னிருந்த இடத்துக்கே திரும்பினால் நம்பலாம். தொடுதண்டைச் சுமார் ஒரு சுற்று உள்ளழுத்தியபின் சுழியத்தை அமைத்தல் வேண்டும். இல்லையேல் பொருள் தாழும்போது நுனி தொடாது நின்றுவிடும். தொடுதண்டு பரப்புக்குச் செங்குத்தாக நிற்றலும் இன்றியமையாதது. 10 பாகை சரிந்தால் 0.30 மில்லிமீற்றர் ஏறத்தாழ 0.305 எனக் காட்டும், பெரும்பாலும் பொறுக்கத்தக்கது. 30 பாகை சரிந்தால் அதுவே ஏறத்தாழ 0.346 ஆகிவிடும். திரிகோண கணிதம் எதற்கு உதவும் எனக் கேட்கும் மாணவருக்கு இதனைக் காட்டுக.

நம் ஊர்க் காலநிலையையும் மறத்தலாகாது. நீள அளவுகளெல்லாம் 20 பாகை சென்ரிகிறேட்டுக்கு உரியன என்பது உலக வழக்கு. கச்சான் காற்று அனல் வீசும் மாதங்களில் நம் பட்டறைகளிற் பகல் வெப்பம் 32 பாகைக்கும் மேலே. ஒரு மீற்றர் உருக்குத் தண்டு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.0115 மில்லிமீற்றர் நீளும். 12 பாகைக்கு 0.14 மில்லிமீற்றர். அளக்கும் கட்டையும் பொருளும் ஒரே உருக்காய், ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒருங்கே நீள்வதாற் கேடில்லை. கடைந்த சூடு தணியாத பொருளை ஒப்பிடுவதே பிழை. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு 40 பாகை கூடுதலாகச் சூடேறியிருந்தால் நாலரைப் பிரிவு பருத்திருக்கும். அப்போது அளவு சரியென்று நிறுத்தினால், ஆறியபின் தண்டு சிறுத்துத் தாங்கியில் தளர்ந்து நிற்கும். தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் ஒரு பக்கத்தில் மாத்திரம் பட்டாலும் நீண்ட தண்டு வெயிற்பக்கமாகச் சிறிது வளையும். நிழலில் ஓரிரவு கிடந்த தண்டைக் காலையில் அளப்பதே சிறந்த முறை என்கின்றனர் அனுபவமுள்ளோர்.

சீனக்குடாவில் மாவாலையும் சீமெந்து ஆலையும் வந்தபின் நம் மாவட்டத்திற் சுழலும் தண்டுகள் பெருகிவிட்டன. இக்காலத்தில் எண்களாகவே அளவு காட்டும் கேஜ்களும், ஒளிக்கதிரால் தண்டுகளை நேர்ப்படுத்தும் கருவிகளும் பெரிய ஆலைகளில் வழங்குகின்றன. விலை மிக்க அவை சிறு பட்டறைக்கு எட்டாதவை. அன்றியும் எண் மாறுவதைக் காட்டிலும் முள் நடப்பதைக் காண்பது கைக்கு விரைவில் விளங்குகின்றது. ஒரு முறை ஏறுகின்றதா இரு முறை ஏறுகின்றதா என்பதை ஓடும் எண்களிற் கண்டறிதல் எளிதன்று. ஆதலாற் கற்கும் மாணவர் முள்ளுள்ள கருவியையே முதலிற் பழகுதல் நலம் என்பது என் கருத்து.

கருவியை வாங்குவோர் அதனைப் பேணும் முறையையும் கேட்டறிக. உப்புக்காற்று வீசும் ஊரில் எண்ணெய் பூசி வைத்தல் நம் வழக்கம். டயல் கேஜின் தொடுதண்டுக்கு மாத்திரம் எண்ணெய் இடலாகாது. எண்ணெய் தூசியைப் பற்றி உள்ளே கொண்டு செல்லும். பின் முள் தயங்கித் தயங்கி நடக்கும். வேலை முடிந்ததும் ஸ்பிரிற்று நனைத்த மெல்லிய துணியால் தொடுதண்டைத் துடைத்து, முள் தடையின்றித் திரும்புகின்றதா என ஒரு முறை பார்த்து, மூடியுள்ள பெட்டியில் வைத்தல் வேண்டும். காந்த அடியை அதே பெட்டியில் இட வேண்டாம். இரும்புத் துகளெல்லாம் அதனோடு வந்துசேரும்.